பொருட்கணக்கர் தம் திறம் கேட்ட காதை

மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாம் காதை ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ எனப் பெயர் பெறும். வஞ்சி மாநகரில் மாதவன் வடிவம் கொண்ட மணிமேகலை, அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகப் பல கொள்கையினரை ஒருவர்பின் ஒருவராக அணுகி, அவரவர் கோட்பாட்டை அவரவர் வாய்மொழியாகவே கேட்கிறாள். பெரும்பாலும் மறுமொழி கூறாது கேட்டுச் செல்லும் அவள், பூதவாதியின் சொற்கேட்டு நகைத்து, அவன் கூற்றை மறுத்துரைக்கிறாள். எல்லாத் தரப்பையும் முழுமையாகக் கேட்டல், கேட்டதை எடை போடுதல், மறுக்க வேண்டியதை அஞ்சாது மறுத்தல் என்னும் மூன்றும் நிறைந்த கேள்விச் செல்வத்திற்கு நம் இலக்கியத்தில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

இருபதாம் நூற்றாண்டில், சமயங்கள் அமர்ந்திருந்த இருக்கைகள் பலவற்றைப் பொருளியற் கொள்கைகள் பற்றிக்கொண்டன. மனிதன் எவ்வாறு வாழ வேண்டும், அரசு எதுவரை தலையிடலாம், வறியவன் ஏன் வறியவனாக இருக்கிறான் என்னும் வினாக்களுக்கு விடை கூறும் உரிமையைப் பொருளியலார் கோரினர். அவர்கள் வாதிட்ட மண்டபமாகத் தொலைக்காட்சி அமைந்தது. அம்மண்டபத்தில் எழுந்த ஒரு பெருவாதத்தையும், அதைக் கண்டோர், குறிப்பாக மௌலா அலியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மனோர், அதற்குக் கூறும் மறுமொழிகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு தொடர்கள்

1977-ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் ‘தி ஏஜ் ஆஃப் அன்சர்ட்டன்ட்டி’ என்னும் தொடரை ஒளிபரப்பியது. ‘நிச்சயமின்மையின் காலம்’ என அதனைத் தமிழாக்கலாம். அதை வழங்கியவர் ஜான் கென்னத் கால்பிரெய்த். 1961 முதல் 1963 வரை இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த இவர், பொதுநலப் பணிகளில் அரசு ஊக்கமுடன் ஈடுபட வேண்டும் என்னும் கொள்கையினர். பெருநிறுவனங்களின் ஆற்றலை ஐயத்துடன் நோக்கியவர்.

இதற்கு மறுப்புரை போல 1980 சனவரியில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வெளிவந்தது ‘ஃப்ரீ டு சூஸ்’, அதாவது ‘தேர்ந்துகொள்ளும் உரிமை’. பத்துப் பகுதிகள் கொண்ட இத்தொடரை வழங்கியவர், 1976-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மில்டன் ஃபிரீட்மன். அவர்தம் துணைவியார் ரோஸ் ஃபிரீட்மனும் இணைந்து எழுதிய அதே பெயர் கொண்ட நூல், அவ்வாண்டில் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற நூல்களுள் ஒன்றாயிற்று. அதன் தாக்கம் அமெரிக்காவுக்கு வெளியிலும் பரவியது. 1992-இல் எஸ்தோனியாவின் பிரதமரான மார்ட் லார், பொருளியலில் தாம் அதுவரை படித்திருந்த ஒரே நூல் அதுதான் எனப் பின்னாளில் கூறினார். ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து பிறந்த நூல் ஒரு நாட்டின் வரிக் கொள்கையையே திசைதிருப்பக் கூடுமெனின், அதனை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குதல் இயலாது.

ஃபிரீட்மனுக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு இத்தொடருக்கு முந்தியது. 1955-இல், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் உருவாகிக்கொண்டிருந்த வேளையில், இந்திய அரசின் அழைப்பை ஏற்று வந்து அவர் ஒரு குறிப்புரை அளித்தார். திட்டக்குழுவின் பெருந்தொழிற் கனவை அவர் ஏற்கவில்லை. அக்குறிப்புரை நெடுங்காலம் அச்சேறாமலே கிடந்தது. அதே 1955-இல், பொருளறிஞர் பி.ஆர். ஷெனாயும் தம் கருத்து வேறுபாட்டைத் தனிக் குறிப்பாகப் பதிவு செய்தார். எனவே ‘தேர்ந்துகொள்ளும் உரிமை’ தொடரின் இரண்டாம் பகுதியில் இந்தியாவைப் பற்றி ஃபிரீட்மன் பேசும்போது, தம் அறிவுரையைக் கேளாது போன நாட்டைக் கால் நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் எண்ணிப் பார்க்கும் ஒருவரின் குரல் அதில் ஒலிக்கிறது.

குடிபெயர்ந்தோர் கதை

முதற்பகுதி ‘சந்தையின் ஆற்றல்’ பற்றியது. அது குடிபெயர்ந்தோரின் கதையாகவே தொடங்குகிறது. ஃபிரீட்மனின் பெற்றோர் அன்றைய ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசிலிருந்து நியூயார்க் நகருக்கு வந்தவர்கள். அவர் அன்னையார் பதினான்கு வயதில் வந்திறங்கி, குறைந்த கூலிக்கு நீண்டநேரம் உழைக்கும் தையற்கூடம் ஒன்றில் பணிபுரிந்தார். அத்தகைய தையற்கூடத்தை உலகம் பழிக்கும். மகனாகிய ஃபிரீட்மனோ அதனைப் போற்றுகிறார். மொழியறியாத, கையில் காசில்லாத சிறுமிக்கு முதற்படியாக அமைந்தது அதுவே என்றும், எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்றும், அங்கிருந்து அடுத்த தலைமுறை மேலேறியது என்றும் வாதிடுகிறார்.

ஊர்விட்டு ஊர் வந்த எவரையும் இக்காட்சி அசைக்கும். அதன் உருக்கம் உண்மையானது. ஆயினும் உருக்கம் வேறு, சான்று வேறு. அதே நியூயார்க்கில், அதே தையல் தொழிலில், 1911 மார்ச் 25-ஆம் நாள் டிரையாங்கிள் சட்டை ஆலையில் தீப்பிடித்தது. 146 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் குடிபெயர்ந்து வந்த இளம்பெண்கள். ஆலையின் கதவு பூட்டியிருந்தமையால் பலர் வெளியேற இயலவில்லை. அதற்குப் பின்னரே அம்மாநிலத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வலுப்பெற்றன. மேலேறியவரின் மகன் படம் எடுத்தார். ஏற முடியாது மடிந்தவருக்கு மகன் இல்லை. திரையில் தோன்றும் வாழ்க்கைகள் எல்லாம் பிழைத்தோரின் வாழ்க்கைகளே என்பதை மறவாதிருத்தல் காண்போரின் முதற்கடமை.

ஹாங்காங் பற்றிய காட்சிகளும் இத்தகையனவே. சுங்கவரி இல்லாத துறைமுகம், தலையிடாத அரசு, தழைக்கும் வணிகம் என்று ஃபிரீட்மன் அடுக்கும் சொற்களில் பொய்யில்லை. ஆனால் அந்நகரின் நிலம் அரசுக்கு உரியது, குத்தகைக்கே விடப்படுவது. 1953-இல் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி தீக்கிரையானபின் அவ்வரசு மேற்கொண்ட வீடுகட்டும் பணியினால், நகர மக்களில் மிகப் பெரும் பகுதியினர் அரசு கட்டிய வீடுகளில் வாழலாயினர். தலையிடாத அரசு எனப் புகழப்பெற்ற அரசே அந்நகரின் மிகப் பெரிய வீட்டுச் சொந்தக்காரரும் ஆகும். இச்செய்தி அத்தொடரின் வாதத்தில் இடம்பெறவில்லை. வாதம் புரிபவர் தமக்கு உதவாத சான்றைத் தாமே எடுத்து நீட்டமாட்டார். அதனைத் தேடிக் காணும் பொறுப்பு கேட்பவருடையது.

கண்டோர் மொழிகள்

இன்று இத்தொடரை எவரும் இணையத்தின் வழியே இலவசமாகக் காணலாம். நம்மிடையே இதனைக் கண்டோர் சிலருடன் உரையாடியபோது கேட்ட கருத்துகள் பெரும்பாலும் இரு பிரிவில் அடங்கின. அவ்விரண்டுக்கும் பின்னால் மௌலா அலியின் வரலாறே நிற்கிறது.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் முதல் தலைமுறையினர் பலர் அரசின் ஆணைத்தாளைக் கையிற்கொண்டு வந்தவர்கள். 1966-இல் செகந்திராபாதைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய இரயில்வே அமைந்தது. 1967-இல் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்னும் இ.சி.ஐ.எல். நிறுவனம் தோன்றியது. 1971-இல் அணு எரிபொருள் வளாகம் அமைந்தது. மௌலா அலிக் குன்றைச் சுற்றி இரயில்வே குடியிருப்புகளும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் பெருகின. இத்தலைமுறையினர் தொடரைக் கண்டபின் கூறுவது இதுதான்: “எங்களை இங்கே அழைத்தது சந்தை அன்று, நியமன ஆணை. குடியிருப்பு, மருத்துவமனை, பிள்ளைகளின் பள்ளி, ஓய்வூதியம் எல்லாம் பொதுத்துறை தந்தவை. சந்தையை நம்பியிருந்தால் ஊரிலேயே நின்றிருப்போம். இது வசதி படைத்தவர் பாடும் பாட்டு.”

அடுத்த தலைமுறையினரோ 1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தத்திற்குப் பின் வேலைக்குச் சென்றவர்கள். 1998-இல் ஹைடெக் சிட்டியின் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட காலத்தை ஒட்டி, நகரின் மேற்கு முனையிலும் கடல் கடந்தும் பணி தேடிக்கொண்டவர்கள். அவர்கள் கூறுவது வேறு: “ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததையும், தொலைபேசி இணைப்புக்குப் பரிந்துரை தேடி அலைந்ததையும், எரிவாயு உருளைக்கு வரிசையில் நின்றதையும் நாங்கள் சிறுவயதில் கண்டோம். கதவு திறந்தபின்தான் எங்கள் வாழ்வு திறந்தது. ஃபிரீட்மன் சொல்வது எங்கள் கதை.”

ஒரே வீட்டில், ஒரே திரையின் முன் தந்தையும் மகளும் இவ்வாறு இரு வேறு படங்களைக் காண்கின்றனர். எவர் கூற்றிலும் பொய் இல்லை. எனினும் இருவர் கூற்றிலும் ஒரே குறை உண்டு. தம் குடும்ப வரலாற்றையே உலகப் பொருளியலின் விதியாக இருவரும் கொள்கின்றனர். ஆணைத்தாள் கிடைத்தவருக்கு அரசு அருள் வடிவம். அதே ஆணைத்தாளுக்காக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, வயது கடந்து, வாராமலே போன ஊர்த்தோழர்களை அவர் எண்ணுவதில்லை. கடவுச்சீட்டும் கணினிப் பயிற்சியும் பெற்றவருக்குச் சந்தை அருள் வடிவம். அக்கல்வியைக் குறைந்த கட்டணத்தில் தந்தது அரசுக் கல்லூரி என்பதை அவர் எண்ணுவதில்லை.

இக்குறையைக் காண்போரிடம் மட்டும் சுமத்துதலும் முறையன்று. தொடரே அதற்கு வழிகாட்டுகிறது. அன்னையின் தையற்கூடத்தை வைத்து உலகின் சந்தை முழுவதையும் நிறுவ முயன்றவர் ஃபிரீட்மன். அவர் தம் அன்னையின் கதையைச் சொன்னார். நாம் நம் தந்தையின் கதையைச் சொல்லி மறுத்தோம் அல்லது உடன்பட்டோம். கதைக்கு எதிர்க்கதை கூறும்வரை வாதம் சுற்றிச் சுற்றி வருமேயன்றி முன்னேறாது.

நாம் கண்ட தொலைக்காட்சிப் பெட்டியே இவ்விரு கதைகளுக்கும் சான்று என்பது எண்ணத்தக்கது. இந்திய வீடுகளில் தொலைக்காட்சி பரவத் தொடங்கிய நாள்களில் புகழ்பெற்றிருந்த ‘இ.சி.’ பெட்டி, நம் அண்டையிலுள்ள இ.சி.ஐ.எல். நிறுவனத்தின் படைப்பு. அந்நிறுவனத்தின் முதல்வராக விளங்கிய ஏ.எஸ். ராவ் பெயரில் நகரொன்றே இங்கு உண்டு. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடந்த ‘சைட்’ என்னும் செயற்கைக்கோள் கல்வி ஒளிபரப்புச் சோதனையில், அன்றைய ஆந்திரப் பிரதேசம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2400 சிற்றூர்களில் வைக்கப்பட்ட பெட்டிகளும் இந்நிறுவனத்தின் கைவண்ணமே. எந்தத் தனியார் வணிகரும் அன்று அச்சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி கொண்டு சென்றிருக்கமாட்டார். அதே பெட்டியை வீட்டில் வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. காண்பதற்கும் அரசிடம் உரிமம் பெற்ற காலம் அது. பெட்டியைச் செய்தது தந்தையின் வாதம். பெட்டிக்கு உரிமம் கேட்டது மகளின் வாதம்.

தறியும் வாதமும்

இத்தொடரில் தமிழருக்கு மிக அண்மையான பகுதி இரண்டாவது. ‘கட்டுப்பாட்டின் கொடுங்கோன்மை’ என அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். மெய்ஜி மாற்றத்திற்குப் பிந்திய ஜப்பானையும் 1947-க்குப் பிந்திய இந்தியாவையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார் ஃபிரீட்மன். தொடக்க நிலைகள் ஒத்திருந்தும் ஜப்பான் சந்தையைத் திறந்து வளர்ந்தது, இந்தியா திட்டமிட்டுத் தேங்கியது என்பது அவர் முடிபு. அதற்கு அவர் காட்டும் சான்று கைத்தறி. பிறிதொரு தொழிலோடு சமமாகப் போட்டியிட்டு நிற்குமாயின் கைத்தறியில் தவறில்லை என்கிறார். ஆனால் இந்தியாவில் அது அரசு மானியத்தால் நிற்கிறது, அம்மானியத்திற்கு வரி செலுத்துவோர் நெசவாளரினும் வளமானவர் அல்லர் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தை எள்ளி ஒதுக்குதல் தகாது. உதவி பெறும் ஏழை கண்ணுக்குத் தெரிகிறான். அவ்வுதவிக்காகச் சிறிது கூடுதல் விலை கொடுத்துத் துணி வாங்கும் மற்றோர் ஏழை கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாதவனுக்காக வழக்காடுவது பொருளியலாரின் தலையாய பணி. அப்பணியை ஃபிரீட்மன் தெளிவாகச் செய்கிறார். இதனை ஏற்றுக்கொண்டே அவர் விட்ட இடங்களைச் சுட்ட வேண்டும்.

முதலாவது, ஒப்பீட்டின் தொடக்கம். இந்தியாவின் கதையை 1947-இல் தொடங்கினால் கைத்தறியின் கதை பாதியிலிருந்து தொடங்குகிறது. 1882-இல் ஆங்கில அரசு இறக்குமதி வரிகளை ஏறக்குறைய முற்றிலும் நீக்கியது. மான்செஸ்டர் துணி தடையின்றி வந்தது. பின்னர் வருவாய்க்காக வரி விதித்தபோதும், 1896-இல் இறக்குமதித் துணிக்கு விதித்த அதே 3.5 விழுக்காட்டை இந்திய ஆலைத் துணிக்கும் கலால் வரியாக விதித்தது. அக்கலால் 1925-இல்தான் நிறுத்தப்பட்டது. அதாவது, தடையற்ற வணிகத்தை இந்தியா ஒருமுறை பார்த்துவிட்டது. ஆனால் அதனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இந்தியரிடம் இல்லை. ‘தேர்ந்துகொள்ளும் உரிமை’ என்று பெயரிட்ட தொடர் இதனைக் கடந்து செல்வது பெருங்குறை.

இரண்டாவது, ஜப்பானின் படம். 1872-இல் டோமியோகா பட்டு நூற்பாலையை நிறுவியது மெய்ஜி அரசே. 1893-இல்தான் அது மிட்சுயி நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. அரசு முன்மாதிரி ஆலைகளை அமைத்ததையும் அயல்நாடுகளுக்கு ஆள் அனுப்பியதையும் ஃபிரீட்மன் தம் நூலில் மறைக்கவில்லை. சிறிய இடம் தந்து கடந்து செல்கிறார். அவர் சிறியதெனக் கருதியது எவ்வளவு பெரியது என்பதே வழக்கின் உயிர்நாடி.

மூன்றாவது, நமக்கே உரிய ஒரு முரண். அரசின் உரிம-அனுமதி ஆட்சியைக் கண்டித்து 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தவர் இராஜாஜி. ஃபிரீட்மனின் வாதங்களை இந்திய அரசியலில் முன்னதாகவே பேசியவர் என அவரைச் சொல்லலாம். அதே இராஜாஜி 1950-களின் தொடக்கத்தில் சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டுமென வாதாடினார். அவரோடு அரசியலில் கடுமையாக மாறுபட்ட அறிஞர் அண்ணாவும் அவர்தம் இயக்கத்தினரும், தேங்கிய கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். 1953-இல் ஆலைத் துணிக்குக் கூடுதல் கலால் விதித்துக் கைத்தறிக்கும் கதருக்கும் உதவும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கொள்கையில் வடதுருவமும் தென்துருவமும் ஆனவர்கள் தறியின் முன் ஒன்றுபட்டமைக்குக் காரணம் என்ன? அன்று பசித்துக் கிடந்த நெசவாளன் அவர்களுக்குப் புள்ளிவிவரம் அல்லன், அண்டை வீட்டான். கோட்பாடு நெடுங்காலத்தைப் பற்றிப் பேசும். அடுப்பு இன்று மாலையைப் பற்றிக் கேட்கும்.

நான்காவதைச் சுட்டியவர்கள் பெண்கள். “நெசவாளரைப் பற்றிப் பேசுகிறார்கள், பக்கத்தில் தார் சுற்றும் அவர் மனைவிக்குக் கூலி எங்கே?” என்று நம் இல்லத்தரசியர் சிலர் கேட்டனர். இவ்வினா வாதிடும் இரு தரப்பையும் ஊடுருவிச் செல்வது. பாவு ஓட்டுதல், கஞ்சி தோய்த்தல், தார் சுற்றுதல் ஆகிய பணிகளைச் செய்யும் பெண்ணின் உழைப்பு பெரும்பாலும் குடும்பக் கூலியில் மறைந்துவிடுகிறது. சந்தை விலை அவளைக் கணக்கிடவில்லை. அரசின் மானியமும் நெடுங்காலம் தறிக்கு உரியவன் பெயரிலேயே சென்றது. 2019-20-ஆம் ஆண்டின் நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பு, இத்தொழிலில் உள்ளோருள் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள் எனக் காட்டியது. ஃபிரீட்மனின் தொடரைக் குறித்து யாம் கேட்ட மறுமொழிகளுள் ஆழமானது இதுவே. தன் கதையைச் சொல்லி வாதிடாமல், திரையில் கணக்கில் வராத ஒருத்தியைக் கணக்கில் கொண்டுவந்தமையே அதன் சிறப்பு.

காலம் எவர் பக்கம் தீர்ப்பளித்தது? இருவர் பக்கமும் முழுமையாக இல்லை. 1985-இல் கைத்தறிக்கென 22 வகைத் துணிகளை ஒதுக்கும் சட்டம் வந்தது. அது பின்னர் 11 வகைகளாகச் சுருங்கியது. ஒதுக்கீட்டை மீறி விசைத்தறி வளர்ந்தது. 2009-10-இல் 43.31 இலட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை 2019-20-இல் 35.22 இலட்சமாகக் குறைந்தது. காப்பாற்றுவேன் என்ற அரசு முழுமையாகக் காப்பாற்றவில்லை. எனினும் நம் நகருக்கு அருகிலுள்ள போச்சம்பள்ளியைப் பாருங்கள். 1951-இல் வினோபாவின் பூதான இயக்கம் அங்குதான் பிறந்தது. அவ்வூரின் இக்கத் நெசவு இன்று புவிசார் குறியீடு பெற்று நிற்கிறது. காஞ்சிப் பட்டும் அவ்வாறே. கூட்டுறவும், அரசின் சட்டப் பாதுகாப்பும், வாங்குவோரின் விருப்பமும் ஒருங்கே அமைந்த இடத்தில் தறி ஒலி நிற்கவில்லை. இதனைத் தனிச்சந்தை என்றோ தனித்திட்டம் என்றோ பெயரிட முடியாது.

தொடரின் சிறப்பு எது?

இத்துணைக் குறை கூறியபின்னும் இத்தொடரை நம் இளைஞர்கள் காண வேண்டும் என்றே பரிந்துரைப்போம். அதற்குக் காரணம் அதன் அமைப்பு. ஒவ்வொரு பகுதியிலும் படம் முடிந்ததும் ஏறத்தாழ அரைமணி நேரம் விவாதம். சிகாகோ பல்கலைக்கழகத்தில், இராபர்ட் மெக்கென்சி என்பார் நடுவராக இருக்க, உடன்படுவோரும் மறுப்போரும் ஃபிரீட்மனை நேரெதிரே அமர்ந்து வினவுகின்றனர். இரண்டாம் பகுதியில் அவ்வாறு அமர்ந்தவருள் ஒருவர் ஜகதீஷ் பகவதி. பத்மா தேசாயுடன் இணைந்து 1970-இலேயே இந்திய உரிம முறையின் தீமைகளை ஆராய்ந்து நூல் எழுதியவர் அவர். இந்தியாவின் கொள்கையைக் குறை கூறும் தகுதி பெற்ற இந்தியரே அங்கு வந்தமர்ந்தமை அவ்விவாதத்திற்கு எடை சேர்க்கிறது. தம் படத்தின் முடிவிலேயே தம்மை மறுப்போருக்கு இருக்கை இட்டவரை நேர்மையற்றவர் எனக் கூற இயலாது.

இவ்விடத்தில் நம் நாட்டு நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்கத்தா, பம்பாய், சென்னை, டெல்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே காட்டிய கே.ஏ. அப்பாஸின் குறும்படம் தணிக்கையில் சிக்கி, 1970-இல் உச்சநீதிமன்றம்வரை சென்றது. போபால் பேரிடரைப் பற்றிய ‘பியாண்ட் ஜெனோசைட்’ படத்தை ஒளிபரப்ப மறுத்த தூர்தர்ஷனின் நிலைப்பாட்டை உச்சநீதிமன்றம் 1992-இல் ஏற்கவில்லை. அயல்நாட்டார் படத்தை ஒளிபரப்பிவிட்டு வாதிட்டனர். நாம் படத்தை ஒளிபரப்பலாமா என்றே வழக்காடினோம். காண்பவர் அறிவை நம்பாத ஒளிபரப்பு, காண்பவரைக் குழந்தைகளாகவே வைத்திருக்க விரும்புகிறது. இதனை அரசு செய்தாலும் குறை. விளம்பரப் பணத்திற்கு அஞ்சித் தனியார் செய்தாலும் குறையே.

தமிழர் இதற்குப் புதியவர் அல்லர். மணிமேகலையின் விழாவறை காதையிலேயே பட்டிமண்டபம் பேசப்படுகிறது. பட்டினப்பாலையில் புலிமுத்திரை இட்டுச் சுங்கம் கொள்ளும் அரசின் காவலரும் உண்டு. பிறர் பொருளையும் தம் பொருள்போல் கருதி, அளவறிந்து கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த வணிகரும் உண்டு. அரசனுக்குரிய பொருள்களுள் சுங்கத்தையும் வைத்து எண்ணினார் வள்ளுவர். ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என முதற்குலோத்துங்கனைப் போற்றியதும் இத்தமிழ்தான். சுங்கம் கொள்வதையும் தவிர்ப்பதையும் காலத்திற்கேற்ப எடைபோட்ட மரபு நம்முடையது. ‘அரசா, சந்தையா?’ என்னும் வினாவை ஒற்றைச் சொல்லில் விடையிறுக்க வேண்டிய தேர்வாகக் கொள்ள நாம் கடமைப்பட்டவர் அல்லோம்.

நிறைவாக

குடிபெயர்ந்து வாழ்வோர்க்கு இவ்வாதத்தில் தனிப்பட்ட பங்கு உண்டு. நம் வாழ்வை இருதரப்பாரும் தத்தம் சான்றாகப் பயன்படுத்த விழைவர். முயற்சியுடையார் முன்னேறினர் என ஒருவர் நம்மைக் காட்டுவார்; திட்டமிட்ட அரசு வாழ்வித்தது என மற்றொருவர் நம்மைக் காட்டுவார். இருவர் கையிலும் நாம் எளிதிற் சிக்கிவிடலாகாது. நம்முடன் புறப்பட்டு வந்து சேராதவரையும், வந்தும் நிலைகொள்ளாதவரையும், ஊரில் தறியடியில் அமர்ந்து தார் சுற்றுபவளையும் சேர்த்தே நம் கதையைச் சொல்லப் பழக வேண்டும். தந்தையும் மகளும் ஒரே திரையின் முன் மாறுபடுவது குடும்பத்திற்குக் குறையன்று. இருவரும் அடுத்தவர் சான்றை எழுந்து செல்லாது கேட்பார்களாயின் அதுவே அவ்வீட்டின் பட்டிமண்டபம்.

சமயக்கணக்கர் அனைவரையும் கேட்டு முடித்தபின் மணிமேகலை எங்குச் சென்றாள் என்பதை நினைவுகூர்தல் நலம். அடுத்த காதையில் அவள் காஞ்சி மாநகர் புகுகிறாள். அங்கு மழையின்றிப் பஞ்சம். மக்கள் பசியால் வாடுகின்றனர். அமுதசுரபியை ஏந்தி அவர்கள் பசியைத் தீர்க்கிறாள். காஞ்சியில் அவள் கையிலிருந்த கேள்வி எளிது: யார் பசித்திருக்கிறார்? கால்பிரெய்த்தையும் ஃபிரீட்மனையும் முழுமையாகக் கேட்போம். பின்னர் இருவரையும் இக்கேள்வியை முன்னிறுத்தியே எடை போடுவோம்.